தன் தட்டில் தானே வைக்காதவர்

அந்த மனிதர் தன் தட்டில் தானே உணவு எடுத்து வைத்து நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. மாதத்தின் கடைசி ஞாயிறன்று, மதிய நேரத்தில், தன் வீட்டு மேசையின் ஒரு முனையில் அமர்ந்துகொண்டு, பக்கத்தில் இருப்பவர் ஏதாவது வைத்துக்கொடுக்கும்வரை வெறும் தட்டோடு காத்திருப்பார். மற்ற நாட்களில் அவருக்குத் தட்டே தேவைப்படவில்லை. அடுப்பின் முன்னால் நின்றபடி, சட்டிக்குள் கரண்டியை விட்டு நாலு வாய் சாப்பிடுவார். அதே சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு விளக்கை அணைப்பார்.

சேலத்திலிருந்து சமூகப்பணி மேற்படிப்புக்காக ஜெர்மனி வந்த நான், பயிற்சிக் காலத்தை ஹம் நகரில், முதியோர் ஆலோசனை நிலையம் ஒன்றில் கழித்தேன். தங்கியிருந்த கட்டடத்தில் என் கதவுக்கு எதிர்க்கதவு அவருடையது. யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கியவர்களில் ஒருவர். சிறியவர், பெரியவர் எல்லோரும் அவரை அண்ணை என்றே அழைத்தார்கள். என் தந்தையைவிட மூத்தவராக இருந்தும் எனக்கும் அவர் அண்ணைதான்.

குடிவந்த சில வாரங்களில் படிக்கட்டெங்கும் வெண்ணெயும் சாதிக்காயும் மணத்தன. கோயில் பிரசாதமோ என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தபோது அவரே எதிரில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை மதியம் வேலை ஏதும் உண்டா என்று கேட்டார். தமிழர்கள் என்னை வீட்டுக்கு அழைத்து நாளாகியிருந்ததால், என்ன சமையல் என்றுகூடக் கேட்காமல் வருகிறேன் என்றேன். என்ன சமையல் என்பதைச் சொல்லாமல் இருக்க அவருக்குத்தான் முடியவில்லை.

“இங்கிலீசுக்காரற்றை பழைய சாப்பாடு, பிள்ளை. இருநூறு வருசப் பழசு. சமைச்சது இண்டைக்குத்தான், பயப்பிடாதேங்கோ.”

அவருடைய வரவேற்பறையில் சோபா இல்லை, தொலைக்காட்சி இல்லை. அறையின் நீளம் முழுவதையும் ஒரு மடக்கு மேசை பிடித்திருந்தது. அதைச் சுற்றி எட்டு நாற்காலிகள். உள்ளே நுழைபவர் சுவரோடு ஒட்டி நகர்ந்துதான் தன் இடத்தை அடைய முடியும். உணவு எல்லாம் முன்பே மேசைக்கு வந்துவிட்டது. தலைப்பக்கம் பாதாமும் பாலாடையும் சேர்ந்த வெள்ளை சூப். கால்பக்கம் கோழி இறைச்சியை உள்ளே வைத்து, கோட்டைச் சுவர்போல் எழுப்பிச் சுட்ட மாவுக்கூடு. நடுவில் லெட்டூஸ் இலையும் புதினாவும் போட்டு வேகவைத்த பட்டாணி. நான்கு மூலைகளிலும் நான்கு சிறிய பாத்திரங்கள். இடப்பக்கம் ஒன்று இருந்தால் வலப்பக்கம் அதே அளவில் இன்னொன்று. சூப் முடிந்து கிண்ணம் எடுக்கப்பட்டால், அந்த இடத்தில் உடனே வேறு பாத்திரம் வந்து உட்கார வேண்டும். மேசையில் எந்த இடமும் வெறுமையாகத் தெரியக் கூடாது என்பதில் அவர் மிகக் கண்டிப்பாக இருந்தார். நாற்காலிகளைப் பற்றி அப்படி ஒரு விதி அவரால் செய்ய முடியவில்லை.

அவர் வைத்திருந்த முதன்மையான விதி வேறு. தனக்கு எதிரில் இருக்கும் பாத்திரத்திலிருந்து மற்றவர்களுக்கு வைத்துக்கொடுக்கலாம். தனக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. தூரத்துப் பாத்திரத்தில் ஆசை என்றால் அதன் அருகில் இருப்பவரைக் கேட்க வேண்டும். எட்டி எடுப்பது மரியாதை இல்லை. அவர்தான் சமைத்தவர், வீட்டுக்காரர். ஆனாலும் பரிமாறுவதற்கென்று அவர் சுற்றிவர மாட்டார். உட்கார்ந்துவிடுவார். இது தமிழ் விருந்தாளிகளுக்குப் பெரிய சங்கடமாக இருந்தது. வீட்டுக்காரர் ‘இன்னும் கொஞ்சம்’ என்று வற்புறுத்துவார், நாம் ‘போதும், போதும்’ என்று கையை மறிப்போம் என்று எதிர்பார்த்து வந்தவர்கள், யாரும் வற்புறுத்தாத அந்த மேசையில் சிறிது நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினார்கள். ஒரே நகரத்தில் பல வருடங்கள் வாழ்ந்தும் ஒருவரையொருவர் வணக்கத்துக்கு மேல் பேசியிராதவர்கள், உருளைக்கிழங்குக்காகப் பேசிக்கொண்டதை நான் அங்கே பார்த்தேன்.

ஒருநாள் அவர் சாதிக்காயைச் சீவிக்கொண்டிருந்தபோது, இதையெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். ஹம் நகருக்கு அருகே ஒரு காலத்தில் பிரித்தானியப் படைமுகாம் இருந்ததாம். அதில் அதிகாரிகளின் உணவுக்கூடத்தில் பாத்திரம் கழுவச் சேர்ந்தவர், பிறகு பரிமாறுபவரானார். தங்கள் படைப்பிரிவு முன்னொரு காலத்தில் வென்ற போரை நினைத்து அவர்கள் ஆண்டுக்கொரு விருந்து வைப்பார்கள். அது ரீஜென்சி காலத்துப் போர். அரசர் மூப்பிலும் மனநோயிலும் ஒதுங்கிக் கிடக்க, மகன் அவர் பெயரில் ஆண்ட காலம் அது. விருந்தும் அந்தக் காலத்து விருந்தாகவே இருக்க வேண்டும் என்று ஓர் அதிகாரியின் மனைவி பிடிவாதமாக நின்றார். சமையற்காரர்கள் முணுமுணுத்தார்கள். இவர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார்.

“எல்லாத்தையும் மேசையிலை வைச்சிட்டு எங்களை வெளியிலை போகச் சொல்லிப்போடுவினம். நான் கதவுக் கண்ணாடியாலை பாத்துக்கொண்டு நிண்டனான். கேர்ணல் எழும்பி, கடைசியாச் சேந்த பெடியன்ரை தட்டிலை இறைச்சி வெட்டி வைச்சவர். பிறகு தன்ரை தட்டை வைச்சுக்கொண்டு சும்மா இருந்தவர். அந்தப் பெடியன் வைச்சுக் குடுத்தாப்பிறகுதான் சாப்பிட்டவர்.”

முகாம் மூடப்படுவதற்கு முந்தைய கடைசி விருந்தில், அந்தப் பெண்மணி இவரைக் கதவுக்கு வெளியே போக விடவில்லை. தன் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். இதைச் சொல்லும்போது அண்ணை சாதிக்காயைக் கீழே வைத்துவிட்டார்.

“கேக்காமலே வைச்சவ. நான் ‘போதும்’ எண்டு சொல்லவேயில்லை, பிள்ளை. ஊரிலை கலியாண வீடு எண்டாலும் செத்த வீடு எண்டாலும் பந்தியிலை வாளி தூக்கிறது நான்தான். கடைசியாய் அடுப்படியிலை நிண்டு மிஞ்சினதைச் சாப்பிடுறது. இஞ்சை வந்தும் அதுதான். அண்டைக்குத்தான் ஒராள் எனக்கெண்டு வைச்சது.”

முகாமின் பொருட்கள் ஏலத்தில் போனபோது அவர் வாங்கியது அந்த மேசையை மட்டும்தான்.

நான் இதைக் கேட்டுவிட்டு நெகிழ்ந்துபோய் வீடு திரும்பவில்லை. எனக்கு ஒரு கேள்வி இருந்தது. நம்மை ஆண்டவர்களின் வெற்றி விருந்தை, போரிலிருந்து தப்பி வந்த ஒருவர் எதற்காகத் தன் வீட்டில் வைத்திருக்க வேண்டும்? அடுத்த மாத விருந்தில், இன்னொரு விருந்தாளி அதே கேள்வியை வேறு விதத்தில் கேட்டார். உறைப்பே இல்லாத இந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு இவர்கள் எப்படி அத்தனை நாட்டைப் பிடித்தார்கள் என்றார். மேசை முழுவதும் சிரித்தது. அண்ணை சிரிக்காமல் பதில் சொன்னார்.

“பக்கத்திலை இருக்கிறவனைக் கேட்டு எடுக்கிறதெல்லாம் அவங்கட மேசையிலை மட்டும்தான். மேசையை விட்டு எழும்பினாப்பிறகு ஆரையும் கேக்கேல்லை.”

கெட்டதோடு சேர்த்து நல்லதையும் தூக்கி எறிய அவருக்கு வசதி இருக்கவில்லை என்று நான் புரிந்துகொண்டேன். அவருடைய தம்பிமார் கனடாவில், தங்கை லண்டனில். ஒருமுறை லண்டனுக்குப் போய் வந்ததைச் சொல்லியிருக்கிறார். எல்லாம் அடுக்களையில் சூடாக இருந்ததாம். பசித்தவர் பசித்த நேரத்தில் போட்டுக்கொண்டு அறைக்குள் போனார்களாம். தங்கை நல்லவள், வாய் நிறைய ‘போட்டுச் சாப்பிடுங்கோ அண்ணை’ என்பாளாம். இவர் அங்கும் அடுப்பின் முன்னால் நின்றே சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்.

பிறகு அந்த ஆவணி ஞாயிறு வந்தது.

அண்ணையோடு ஒரே அகதி விடுதியில் இருந்த ஒரு கணவனும் மனைவியும் அன்றைக்கு வந்திருந்தார்கள். கணவர் ஹம் தமிழர்களிடையே மதிப்பான மனிதர். நாலு பேர் அவர் பேச்சைக் கேட்பார்கள். கோயிலில் கொடியேறிவிட்டது, திருவிழா முடியும்வரை வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை, மரக்கறிதான் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அண்ணையும் அதற்கேற்பப் பட்டாணி, உருளைக்கிழங்கு, சாதிக்காய் தூவிய அரிசிப் புடிங் என்று அவர்களுக்காகத் தனியாகச் செய்திருந்தார். நடுவில் மாவுக்கூட்டை அடுப்பிலிருந்து எடுக்க உள்ளே போனார்.

வெள்ளை சூப் அந்தக் கணவருக்கு நேரே இருந்தது. பால் நிறம். மேலே பாதாம் சீவல் மிதந்தது. நம் கண்களுக்கு அது வேறு எதுவாகத் தெரியும்? அவர் மேசை விதியை மறக்காதவராக, முதலில் தன் மனைவியின் கிண்ணத்தில் ஊற்றினார். பாதாம் பாயசம், வெள்ளைக்காரருக்கு இனிப்பு குறைவாகத்தான் இருக்கும் என்று பகிடியும் சொன்னார். அந்த அம்மா நாலைந்து கரண்டி குடித்த பிறகு அண்ணை கையில் துணியோடு வந்து, சூப் எப்படி என்று ஆவலாகக் கேட்டார். விடியற்காலையிலிருந்து எலும்பு அவிந்ததாம்.

“என்ன எலும்பு?” என்றார் கணவர்.

“கண்டுக்குட்டி எலும்பு.”

அந்த அம்மா கரண்டியைக் கிண்ணத்தில் வைக்கவில்லை. எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். கணவர் எழுந்தார். அண்ணைக்கு முதலில் விளங்கவில்லை. சூப் என்றாலே எலும்பு என்று முகாமின் சமையலறையில் பழகிய மனிதர் அவர். பாயசம் என்று ஒருவர் நினைக்கக்கூடும் என்பது அவர் நினைப்பிலேயே வரவில்லை. விளங்கியபோது கதவு சாத்தப்பட்டிருந்தது.

விரதத்தில் மாட்டிறைச்சி கொடுத்தவர் என்ற பேச்சு ஒரே வாரத்தில் ஊரைச் சுற்றியது. நான் இரு பக்கத்தையும் எடைபோட்டுப் பார்த்தேன். அந்த அம்மாவுக்கு நேர்ந்தது சிறிய விஷயமல்ல. ஒருவர் தன் கடவுளோடு செய்துகொண்ட உடன்பாடு, அவர் அறியாமலே உடைக்கப்பட்டது. ‘தெரியாமல் நடந்ததுதானே’ என்று சொல்லும் உரிமை உடைத்தவர் பக்கத்தில் நிற்பவருக்குக் கிடையாது. அதே நேரம், அண்ணையின் மனத்தில் துளி வஞ்சம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கணவரின் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். தேநீர் தந்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த பிள்ளை, உங்களுக்கு இது விளங்காது என்று அவர் மரியாதையாகவே முடித்துவிட்டார். பேச்சு முழுவதும் அவர் மனைவியை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. கரண்டி பிடித்து ஊற்றியது தன் கை என்ற வெட்கம் அந்தக் கோபத்துக்குள் இருந்ததாக எனக்குப் பட்டது. அதை அவரிடம் சொல்லி என்ன ஆகும் என்று பேசாமல் திரும்பினேன்.

அண்ணையிடம் என் படிப்புக்கு ஏற்ற ஒரு தீர்வோடு போனேன். ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னாலும் ஒரு சிறிய அட்டை. அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற விவரம். “லேபிள் வெச்சிட்டா சேஃப், அண்ணை. யாருக்கும் பிராப்ளம் வராது. நானே பிரிண்ட் பண்ணித் தரேன்” என்றேன்.

அவர் மேசையைத் துடைத்தபடியே மறுத்தார்.

“பேர் எழுதி வைச்சா ஆரும் ஆரிட்டையும் கேக்க மாட்டினம், பிள்ளை. வாசிச்சுப்போட்டு எடுத்துச் சாப்பிட்டிட்டுப் போவினம். அதுக்கு எதுக்கு என்ரை வீடு? கன்ரீன் போதுமே.”

அன்று எனக்குக் கோபம் வந்தது. ஓர் அட்டை அந்த அம்மாவின் விரதத்தைக் காப்பாற்றியிருக்கும் என்பது உண்மை. அட்டை வந்தால் அந்த மேசை செத்துவிடும் என்பதும் உண்மை. எது பெரிய இழப்பு என்று இன்றுவரை என்னால் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. அவர் ஒரு நடுவழியைக் கண்டுபிடித்தார். எலும்பைக் கைவிட்டார். வெள்ளை சூப்பைப் பாதாமிலும், வெங்காயத்தாள் போன்ற லீக்ஸை வேக வைத்த தண்ணீரிலும் செய்யத் தொடங்கினார். ஆட்கள் உட்கார்ந்ததும், எது மச்சம் எது மரக்கறி என்று தானே வாயால் சொல்லிவிடுவதாகவும் முடிவு செய்தார்.

சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. இந்த நாட்டில் தேநீர் குடிப்பதென்றாலும் முன்கூட்டியே நேரம் குறித்து டெர்மின் வைக்க வேணும், ஆட்களுக்கு நேரம் கிடைத்திருக்காது என்று அவரே காரணம் கண்டுபிடித்துச் சொல்வார். புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை என்று ஞாயிறுகள் போயின. ஒவ்வொரு தடவையும் எட்டுத் தட்டுகள் வைக்கப்பட்டன. வந்தது நான் மட்டும். அவர் ஒரு முனையில், நான் மறுமுனையில். தட்டுகளை அருகருகே வைத்துக்கொள்ளலாமே என்றால், பாத்திரங்களின் ஒழுங்கு கெட்டுவிடும் என்பார். இருவரும் எழுந்து எழுந்து போய் ஒருவர் தட்டில் மற்றவர் வைத்துக்கொண்டோம். என் எதிரில் இருப்பதை அவருக்கு நான், அவர் எதிரில் இருப்பதை எனக்கு அவர். நடுவிலிருந்த பட்டாணி மட்டும் எங்கள் இருவர் பொறுப்பிலும் வரவில்லை. அது அதன் எதிரில் உட்காரும் ஆளுக்குரியது. அவர் அதைத் தொட மாட்டார், என்னையும் விட மாட்டார். பச்சை நிறம் மங்கி, வெண்ணெய் உறைந்து, மாலையில் அது அப்படியே குப்பைக்குப் போகும். அடுத்த மாதம் மறுபடி செய்வார்.

ஒருநாள், என் வகுப்புத் தோழர்கள் சிலரை அழைத்துப் போனேன். அவர்கள் வாய்நிறையப் புகழ்ந்தார்கள், படம் எடுத்தார்கள், தட்டோடு எழுந்து மேசையைச் சுற்றி நடந்து, வேண்டியதை வேண்டிய இடத்தில் எடுத்துக்கொண்டார்கள். அண்ணையிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அவர்கள் போகும்வரை அவர் தட்டு வெறுமையாகவே இருந்தது. அதன் பிறகு நான் யாரையும் அழைத்துப் போகவில்லை.

மார்கழியில் அந்தக் கணவர் மாரடைப்பில் இறந்துபோனார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கின் சாப்பாட்டுக்கு ஒரு மண்டபம் எடுத்திருந்தார்கள். அண்ணை வருவாரா என்று சிலர் வாசலைப் பார்த்தபடி இருந்தார்கள். அவர் பின்பக்கமாக நுழைந்து நேரே சமையற்கட்டுக்குப் போனார். சோற்றுச் சட்டிகளையும் குழம்புக் கிடாரங்களையும் தேய்த்துக் கழுவினார். நான் துடைத்து அடுக்கினேன். தண்ணீர் எடுக்க உள்ளே வந்த அந்த அம்மா, அவருடைய முதுகைப் பார்த்தபடி சற்று நேரம் நின்றார். செம்பை நிரப்பாமலே போய்விட்டார். அண்ணை சாப்பிடாமல்தான் வீடு திரும்பினார். சாப்பிடச் சொல்ல யாருக்கும் நா எழவில்லை. எடுத்துப் போட்டுக்கொள்ள அவருக்குக் கை எழவில்லை.

எனக்கு ஹாலே நகரில், அகதிகளுக்கு ஆலோசனை வழங்கும் ஒரு வேலை கிடைத்தது. மாசி மாதத்தின் கடைசி ஞாயிறுதான் ஹம் நகரில் எனக்கும் கடைசி ஞாயிறு. அன்று நான் போனபோது எல்லாம் வழக்கம்போல் இருந்தது. எட்டுத் தட்டுகள், தலைப்பக்கம் சூப், நடுவில் பட்டாணி. நான் போன பிறகு இந்த மேசையில் இவர் யாருக்காகக் காத்திருப்பார் என்பதை நினைக்காமல் இருக்க முயன்றேன். அடுத்த மாதமும் சமைப்பீர்களா என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அதுவரை நான் கேட்டதில்லை.

அழைப்பு மணி அடித்தது. திறந்தால் அந்த அம்மா. குளிருக்குப் போட்டிருந்த மேலங்கியைக் கழற்றாமலே சுவரோடு நகர்ந்து உள்ளே வந்தார். அண்ணை எழுந்துவிட்டார். எது மச்சம், எது மரக்கறி என்று ஒவ்வொரு பாத்திரமாகக் காட்டத் தொடங்கினார். சூப்பில் எலும்பு இல்லை என்பதை இரண்டு தடவை சொன்னார். அந்த அம்மா முழுவதையும் கேட்டுவிட்டுப் பேசினார்.

“நான் இஞ்சை ஒண்டும் சாப்பிட மாட்டன், அண்ணை. அண்டையோடை மச்சமும் விட்டிட்டன், வெளியிலை சாப்பிடுறதும் விட்டிட்டன். அது நான் எனக்குப் போட்ட கட்டுப்பாடு. மாத்த ஏலாது.”

“ஓம், தங்கச்சி.”

“எனக்கு அண்டைக்கு வைச்சது நீங்கள் இல்லை. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். சொல்லாமலே போயிட்டார்.” மேசைப் பக்கம் திரும்பினார். “இப்ப நானும் அடுப்படியிலை நிண்டுதான் சாப்பிடுறன். நான் வைக்கத்தான் வந்தனான். எங்கை இருக்கிறது?”

அண்ணை கையால் காட்டினார். நடு நாற்காலி. பட்டாணிக்கு நேரே.

அந்த அம்மா உட்கார்ந்தார். மேலங்கியின் கையை மடித்துவிட்டுக்கொண்டார். அவருக்கு முன்னால் ஒரு தட்டும் கரண்டியும் கிண்ணமும் இருந்தன. அவர் அவற்றைத் தள்ளிவைக்கவும் இல்லை, தொடவும் இல்லை. அண்ணை தன் இடத்தில் அமர்ந்தார். வெறும் தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தார்.

“தங்கச்சி, உந்தப் பட்டாணியிலை கொஞ்சம் வைச்சுத் தாறியளோ?”

அந்த அம்மா வைத்தார். ஒரு கரண்டி. பிறகு, அவர் கேட்காமலே, இன்னொன்று. அண்ணை ‘போதும்’ என்று சொல்லவில்லை.

அந்த அம்மா வைத்தார், நான் வைத்தேன், அண்ணை எனக்கு வைத்தார். பட்டாணிப் பாத்திரத்தின் அடி தெரிந்தது. அந்த அம்மா போகும்போது, அடுத்த மாதம் வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் பிறகு வந்தாரா என்பதை நான் கேட்டு அறிந்துகொள்ளவில்லை. ஹாலேயில் என் அறையில் நான் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடும்போது, வந்திருப்பார் என்று சில நாள் தோன்றும். சில நாள் தோன்றாது.

அன்று மாலை பாத்திரம் கழுவ அண்ணையோடு நின்றேன். அவர் என் தட்டைக் கழுவினார், தன் தட்டைக் கழுவினார். பிறகு, பருக்கை படாமல் சுத்தமாக இருந்த அந்த அம்மாவின் தட்டை எடுத்தார். அது கழுவத் தேவையில்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவர் அதைச் சவர்க்காரம் போட்டு, இரு பக்கமும் தேய்த்து, சுடுதண்ணீரில் அலசி, என் கையில் துடைக்கத் தந்தார்.